கர்ப்பத்தில் பிரஷர்: அண்ணி கொண்டுவந்த புரோபயாடிக் டப்பா

ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி உடம்பின் உறுப்புகளைப் பாதிக்கிற நோய், வந்து பிழைத்த பெண்ணுக்கு, அடுத்த கர்ப்பத்தில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. பார்லிக் கஞ்சி குடி, முருங்கைக் கீரைச் சாறு குடி, உப்பை அறவே விடு, படுத்தே இரு என்று குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், பெங்களூரிலிருந்து கொண்டுவந்த புரோபயாடிக் மாத்திரை (குடலுக்கு நல்லது என்று சொல்லி உயிருள்ள கிருமியை அடைத்தது) டப்பாவை அப்படித் தள்ள முடியவில்லை. அவர் ஆராய்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"நார்வேயில 70,000 கர்ப்பத்தை வச்சுப் பார்த்திருக்காங்க. புரோபயாடிக் பால் குடிச்சவங்களுக்கு இந்தப் பிரஷர் வர்றது குறைவாம். நீ தைரியமா சாப்பிடு" என்றார்.

அண்ணி சொன்னது பொய்யில்லை. அப்படி ஒரு ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. இருந்தும் அந்த டப்பாவை நான் பிரிக்கவில்லை. ஏன் என்று சொல்ல, முதல் பிரசவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எட்டாவது மாதம், பேரணாம்பட்டுப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். வெயில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் வீங்கியது, வெயிலுக்கு என்றார்கள். ஒருநாள் ராத்திரி வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே, மேல் வயிற்றில் வலி பிடித்தது. வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: கேஸ். அம்மா ஓமத் தண்ணீர் வைத்தார். அப்பா கோலி சோடா வாங்கிவந்தார். மருந்துக் கடைக்காரர் ஒரு சிரப்பும், "வயித்துல நல்ல கிருமி வளரும், ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு பொடிப் பாக்கெட்டும் கொடுத்தார். அதுவும் புரோபயாடிக்தான் என்று பிற்பாடு அட்டையைப் பார்த்துத் தெரிந்தது.

காலையில் தலைவலி. அன்றைக்குக் கிராம சுகாதார செவிலியர் அக்கா எங்கள் தெருவுக்கு வருகிற நாள். அவர் என் வயிற்று வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், "கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டார், கையில் பட்டையைக் கட்டினார். 170/110. யூரினில் சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தார், ஆல்புமின் என்கிற புரதம் மூன்று பிளஸ். அடுத்த நிமிடமே 108க்குப் போன் போட்டுவிட்டார்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். இதை வாங்கிய பெண்கள் யாரும் மறக்க மாட்டார்கள். உடம்பு முழுக்க நெருப்பு பரவுகிற மாதிரி சூடு ஏறும், இடுப்பில் போட்ட இடம் கன்றிப்போகும். பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று சொல்கிற வலிப்பு வராமல் தடுப்பது இந்த மருந்துதான். 33 நாடுகளில் 10,000க்கும் அதிகமான பெண்களிடம் சோதித்து 2002ல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விலையோ மிகக் குறைவு. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பதும், மூச்சை எண்ணுவதும் மருந்து அளவு மீறிவிடக் கூடாது என்பதற்காக. "ஏன் சும்மா சும்மா தட்டறாங்க" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். என் பையன் மாதம் நிறையாமல், இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்து தேறி வந்தான்.

அந்த வலி வயிற்றுக் கோளாறே இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியா முற்றும்போது கல்லீரல் பாதிக்கப்பட்டு, அதன் மேலுறை இழுபடுவதால் வருகிற வலி அது. நெஞ்செரிச்சல் மாதிரியே இருக்கும், ஓமத்துக்கும் சோடாவுக்கும் கட்டுப்படாது. ஆகவே 20 வாரத்துக்கு மேல் ஆன கர்ப்பிணிக்கு மேல் வயிற்றில் வலி என்றால் முதலில் பிபி, அப்புறம்தான் ஓமத் தண்ணீர். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கைவிரல்களும் திடீரென்று உப்புவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 140/90 தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். 160/110 என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, இரண்டாவது கர்ப்பத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டு, முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வேலூருக்குப் போய் மகப்பேறு டாக்டரைப் பார்த்தேன். அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் இந்த மாதிரிப் பழக்கம் எல்லாம் உண்டு. டாக்டர் அதை முழுக்கப் படித்துவிட்டு ஆஸ்பிரின் எழுதினார். குறைந்த அளவு, ராத்திரி ஒன்று, 36 வாரம் வரை.

குடியாத்தத்தில் மருந்துக் கடை அண்ணன் சீட்டை இரண்டு தடவை பார்த்தார். "இது ஹார்ட் பேஷன்ட்டுக்குத் தர்ற மாத்திரை ஆச்சே மேடம், உங்களுக்கு எழுதியிருக்காங்க?" என்றார். வீட்டில் அத்தை, "ரத்தத்தை நீர்க்கப் பண்ற மாத்திரையாமே, பிரசவத்துல ரத்தம் நிக்கலைன்னா இன்னாம்மா பண்றது?" என்று பயந்தார். அவர் பயம் நியாயம்தான். அதையே டாக்டரிடம் கேட்டேன். இந்தக் குறைந்த அளவில் பலன்தான் மிக அதிகம் என்றும், நஞ்சுக்கொடி (பிளசென்டா) கருப்பையில் வேர்பிடிக்கிற காலத்திலேயே, அதாவது 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பிப்பதுதான் நல்லது என்றும் விளக்கினார். 2017ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 150 மில்லிகிராம் கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன்பே வந்துவிடுகிற ப்ரீஎக்லாம்ப்சியா 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் இதை எல்லாக் கர்ப்பிணிகளும் தானாக வாங்கிப் போடக் கூடாது. முன்பு ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்கள், ஏற்கெனவே பிபி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் மாதிரியானவர்களுக்கு டாக்டர் பார்த்து எழுதுவது இது.

கால்சியம் எல்லாருக்கும் உண்டு. நம் நாட்டில் அரசு கொடுக்கச் சொல்வது 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு இரண்டு, நான்காம் மாதத்திலிருந்து. உணவில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் இது ப்ரீஎக்லாம்ப்சியாவைக் குறைக்கிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் 11,000 பேர் வீதம் வைத்து நடத்தி 2024ல் வெளிவந்த ஆய்வில், நாளைக்கு 500 மில்லிகிராமே 1,500க்கு ஈடாக நின்றது. பெரிய மாத்திரை விழுங்க முடியவில்லை என்று அடியோடு விட்டுவிடுகிறவர்களுக்கு இது நல்ல சேதி. ஒரே விதி, இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. நான் கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்துக்கொண்டு, இரும்பை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் போட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணியின் டப்பா வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் அனுப்பியதைப் படித்தேன்.

நார்வேயில் கர்ப்பிணிகளிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்து, பிற்பாடு யாருக்கு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2011ல் முதல் பிரசவக்காரர்கள் சுமார் 33,000 பேரின் கணக்கு வந்தது. 2018ல் 70,000 கர்ப்பங்களின் கணக்கு வந்தது. அதில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் புரோபயாடிக் பால் குடித்தவர்களுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. எண்ணிக்கை பெரியது, செய்தவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ஆனால் யார் குடிப்பது, யார் குடிக்காமல் இருப்பது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை, அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். என் வகுப்பில் முன் பெஞ்சுப் பிள்ளைகள் அதிக மார்க் எடுக்கிறார்கள் என்பதற்காகக் கடைசி பெஞ்சுப் பையனைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தால் மார்க் ஏறிவிடுமா? கடையில் புரோபயாடிக் பாலைத் தேடி வாங்குகிறவர் வேறு பல விஷயங்களிலும் உடம்பைக் கவனிக்கிறவராக இருப்பார். கணக்கில் அதையெல்லாம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள்தான். ஆனாலும் கழிக்க முடியாதது கொஞ்சம் மிஞ்சும்.

அடுத்த தடவை வேலூர் போனபோது டப்பாவையே பையில் போட்டு எடுத்துப்போனேன். டாக்டர் சிரித்துவிட்டு, "இதோட மறுபக்கத்தை உங்க அண்ணி அனுப்பலையே" என்றார்.

மறுபக்கம் இதுதான். யாருக்குப் புரோபயாடிக், யாருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கிற காக்ரேன் குழுவினர் 2021ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். முக்கியமாக அவர்கள் தேடியது கர்ப்பகாலச் சர்க்கரையைத் தடுக்குமா என்பதை. மொத்தம் 7 ஆய்வுகள், 1,647 பெண்கள். சர்க்கரையைத் தடுக்கிறது என்று நிரூபணமாகவில்லை. இன்னொன்று கண்ணில் பட்டது. ப்ரீஎக்லாம்ப்சியாவைக் குறித்துவைத்திருந்த 4 ஆய்வுகளில், 955 பெண்களில், புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அது 1.85 மடங்காக இருந்தது. அந்த நாலில் ஒன்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் நடந்து 2019ல் வந்தது. 411 பெண்கள், உடல் எடை அதிகமுள்ளவர்கள். புரோபயாடிக் எடுத்த பக்கம் 9.2 சதவீதத்தினருக்கு ப்ரீஎக்லாம்ப்சியா, எடுக்காத பக்கம் 4.9 சதவீதம்.

கணக்கு டீச்சராக ஒன்று சொல்ல வேண்டும். 1.85 என்பதைப் பார்த்து யாரும் அலற வேண்டாம். உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை என்று அவர்கள் போட்டிருப்பது 1.04 முதல் 3.29 வரை. ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள், கீழ் எல்லை அந்த ஒன்றை உரசிக்கொண்டு நிற்கிறது. பிரிஸ்பேன் ஆய்வின் வித்தியாசம் கூட, தனியாகப் பார்த்தால், தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவுதான். தவிர, கிருமியில் நூறு வகை இருக்கிறது, ஒன்று செய்வதை மற்றொன்று செய்யும் என்று சொல்ல முடியாது. எனவே ஒரு பாக்கெட் சாப்பிட்டுவிட்ட கர்ப்பிணி தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் என் நிலைமை வேறு. எனக்கு அந்த நோய் ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறது. குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் தராசு முள் கெடுதல் பக்கம் சாய்கிறபோது, தடுப்பு மருந்து என்று நம்பி அதை விழுங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

"புரோபயாடிக் பிரஷரைக் குறைக்கும்னு எல்லா இடத்திலயும் போட்டிருக்காங்களே மேடம்?" என்றும் கேட்டேன். அது கர்ப்பிணி அல்லாதவர்களின் கணக்கு. 2014ல் வந்த ஒரு தொகுப்பில் மேல் எண் மூன்றரைப் புள்ளி அளவுக்கு இறங்கியிருந்தது. ப்ரீஎக்லாம்ப்சியாவில் பிபி ஏறுவது வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே. நோய் நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. முதல் பாதியில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரியாமல் போய், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பற்றாமல், அது வெளியிடும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களை உள்ளேயே புண்ணாக்குகின்றன. எட்டாம் மாதத்தில் குடலுக்குக் கிருமி அனுப்பி அதைச் சரிசெய்வது எப்படி?

டாக்டர் அதை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. வேறு காரணத்துக்கு ஒரு டாக்டர் பார்த்து எழுதினால் அது வேறு, பிரஷருக்காக நீங்களாகப் போடாதீர்கள் என்றார். அண்ணி டப்பாவைத் திரும்ப எடுத்துப்போனார். கோபம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் முகம் சுருங்கியது, அவ்வளவுதான்.

"அப்போ தயிரும் ஆகாதா?" என்று அத்தை கேட்டார். ஆகாமல் என்ன. அந்த ஆய்வுகளில் கொடுத்தது எண்ணி அடைத்த கிருமி மாத்திரை, நம் வீட்டு உறைமோர் தயிர் இல்லை. தயிர், மோர், பழைய சோறு, கேழ்வரகுக் கூழ் எல்லாம் சாப்பாடு, அதைச் சாப்பாடாகவே சாப்பிடலாம். கூழை நான் விடவேயில்லை. கேழ்வரகு 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, புளிக்கவைப்பதால் அது உடம்பில் சேர்வதும் கொஞ்சம் கூடும். ஆடி மாதம் முழுக்க எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது சொம்போடு போய் நின்ற கர்ப்பிணி நான்தான். தொட்டுக்கொள்ள கருவாட்டையும் மோர் மிளகாயையும் மட்டும் கொஞ்சமாக வைத்துக்கொண்டேன். அதற்காக உப்பே இல்லாமல் சாப்பிடவும் இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்லவோ, படுத்தே இருக்கச் சொல்லவோ உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்புவரை பள்ளிக்குப் போனேன்.

இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதற்காகவும் பல பேர் புரோபயாடிக் தேடுகிறார்கள். எனக்குக் கொய்யாப் பழமும், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும், இரண்டு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்ததுமே போதுமானதாக இருந்தது. கத்திரிக்காய் கர்ப்பிணிக்கு ஆகாது என்பார்கள். நான் காதில் வாங்கவில்லை.

இந்தக் கதையில் உண்மையில் உழைத்தது பிபி கருவி. முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் கையில் பட்டையே கட்டாமல் அட்டையில் 120/80 என்று எழுதினார்கள். எப்போது போனாலும் 120/80, இல்லையென்றால் 110/70. மனித உடம்பு எப்போதும் அப்படி ரவுண்டு எண்ணாக நடந்துகொள்ளாது. அட்டையில் இப்படியே வரிசையாக இருந்தால் சந்தேகப்படுங்கள், "இப்போ ஒரு தடவை எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டுக்கு நான் வாங்கியது மேல்கையில் கட்டுகிற டிஜிட்டல் கருவி, மணிக்கட்டில் கட்டுவது இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியாவில் சில டிஜிட்டல் கருவிகள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்று டாக்டர் எச்சரித்ததால், செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய், நர்ஸ் அக்கா கருவியோடு ஒப்பிட்டுக்கொண்டேன். மேல்கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வாங்க வேண்டும், இறுக்கமான பட்டை கூட்டிக் காட்டிவிடும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகு சாய்த்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது பேசக் கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குச் சிரமமாக இருந்தது.

ஆஸ்பிரினும் கால்சியமும் போட்டும் 37வது வாரத்தில் 144/94 வந்துவிட்டது. மாத்திரைகள் ஆபத்தைக் குறைக்கும், துடைத்து எடுத்துவிடாது. ஆனால் இந்தத் தடவை யூரினில் ஆல்புமின் இல்லை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. பிரஷரைக் குறைக்கிற லேபெட்டலால் மாத்திரை கொடுத்து, அட்மிட் செய்து, வலி வரவைத்தார்கள். சுகப்பிரசவம், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

பிரசவம் ஆனதும் பிரஷர் கதை முடிந்தது என்று எல்லாரும் கருவியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள். பிபி உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், அதாவது வீட்டுக்கு வந்து சேர்கிற சமயத்தில். வலிப்பும் பிரசவத்துக்குப் பிறகு வரலாம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி என்றால், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதால் நீர் கோத்துக்கொண்டது என்று சாம்பிராணி போட்டு, பத்தியம் வைத்து, காதில் பஞ்சு அடைத்துப் படுக்கவைப்பார்கள். எனக்கும் ஐந்தாம் நாள் தலைவலி வந்தது. அத்தை சாம்பிராணிக்குக் கரி மூட்டிக்கொண்டிருக்கும்போதே கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன், 152/98. டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரை அளவைக் கூட்டினார், தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை என்றார். வலிக்கு முன்பு எழுதியிருந்த மாத்திரை ஒன்றை நிறுத்தி, பாராசிட்டமால் மட்டும் போடச் சொன்னார். சாம்பிராணியும் போட்டுக்கொண்டோம், அத்தை மனசுக்கு.

ஆறு வாரம் கழித்து மாத்திரை நின்றது. ஆனால் ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு அதைவிடவும் கூடுதல். பையன் பிறந்தநாள் மாதத்தில் வருடா வருடம் பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்கிறேன். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், காய்ச்சலுக்கே போனாலும், "ரெண்டு பிரசவத்திலயும் பிரஷர் இருந்தது" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்களாக அதைக் கேட்பதில்லை.